இரண்டு நொடி பாக்கி

2013 ஏப்ரல் 14 — வெறுமனே தொங்கியது — 17
2013 அக்டோபர் 6 — முழங்கால்களை நெஞ்சோடு மடக்கி — 4
2014 மே 18 — அதே நிலை, முதுகு மட்டமாக — 11
2014 நவம்பர் 2 — ஒரு கால் நீட்டி — 6
2015 ஜூன் 21 — இரு கால்களையும் அகல விரித்து — 5
2015 செப்டம்பர் 27 — முழுதாக — 5 (அடித்துத் திருத்தியது: 3)
2016 மார்ச் 27 — முழுதாக — 4
2016 ஏப்ரல் 24 — 0

கடைசியில் இருப்பவை நொடிகள். அனிபால் கோத்தோ தன் அண்ணன் ரமிரோவுக்கு மாதம் ஒன்றாக எழுதிய முப்பத்தேழு கடிதங்களில் முக்கியமான எட்டின் சாரம் இது. அண்ணன் வடக்கே, எல்லைக்குப் பக்கத்துச் சிறை ஒன்றில் இருந்தான். தம்பி தெற்கே, ப்ராங்ஸ் என்ற நகர்ப்பகுதியில், ரயில் பாலத்தை ஒட்டிய ஒரு பூங்காவில், இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

கம்பியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முழங்கையை மடக்கக் கூடாது. அப்படியே உடம்பைத் தூக்கி, முகமும் நெஞ்சும் கால்விரல்களும் வானத்தைப் பார்க்க, தரைக்கு மட்டமாக ஒரு பலகையைப் போல நிறுத்த வேண்டும். பூங்காவில் அதற்கு லீவர் என்று பெயர். பார்ப்பவர்களுக்கு ஆள் காற்றில் படுத்திருப்பது போலத் தெரியும். செய்பவனுக்கோ அக்குளிலிருந்து இடுப்பு வரை யாரோ ஈரத் துணியைப் போல முறுக்கிப் பிழிவது போலிருக்கும். அந்த நிலையில் ஐந்து நொடி நிற்க வேண்டும். அதுதான் ரமிரோ விதித்த நிபந்தனை.

நிபந்தனை வந்தது 2013 மார்ச் 19, செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் பத்தொன்பது வருடங்களில் ரமிரோவிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. அனிபால் நான்கு முறை வடக்கே போயிருந்தான். நான்கு முறையும் ரமிரோ அறையை விட்டு வெளியே வர மறுத்துவிட்டான். பிறகு இந்தக் கடிதம்:

"டேய் தடியா, இங்க முற்றத்துல ஒரு கம்பி இருக்கு. நான் அதுல லீவர் பன்னிரண்டு நொடி நிக்கறேன். நீயும் அங்க ஒரு கம்பியைப் பிடி. அஞ்சு நொடி நில்லு. நெசமான அஞ்சு. அதுக்கப்புறம் என்னைப் பாக்க வா. அதுக்கு முன்னாடி வந்தா பழைய கதைதான். நேரத்தை நீ எண்ணாதே. வேற யாரையாவது எண்ணச் சொல்லு. உன் கடிகாரம் எனக்குத் தெரியும். — ர."

உன் கடிகாரம் எனக்குத் தெரியும் என்ற வரியை அனிபால் சமையலறையில் நின்றபடியே படித்தான். படித்ததும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

1994-இல் ஒரு மருந்துக்கடைக் கொள்ளையில் கடைக்காரர் இறந்துபோனார். இரவு பத்து இருபதுக்கு நடந்தது. ரமிரோவைப் பிடித்தார்கள். அன்று ஒன்பதே முக்காலிலிருந்து பதினொன்று வரை அவன் அத்தை ஓல்காவின் வீட்டில் சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அத்தை நீதிமன்றத்தில் அதைச் சொன்னாள். சாகும் வரை அதையேதான் சொன்னாள். ஆனால் அவளுக்கு முன்பே அனிபால் கூண்டில் ஏறிவிட்டான். இருபத்தைந்து வயது. அண்ணனைக் காப்பாற்ற வேண்டும் என்ற வேகம். யாரையும் கேட்காமல், தானாக ஒரு நேரத்தைச் சொன்னான்.

"பத்தேகாலுக்கு அண்ணன் எங்க வீட்டுல இருந்தான். நான் கதவைத் திறந்தேன்."

"பத்தேகால்னு எப்படித் தெரியும்?" என்றார் அரசு வக்கீல்.

"கடிகாரத்தைப் பாத்தேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

வக்கீல் ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். அனிபால் வேலை பார்த்த பேருந்துப் பணிமனையில் வேலை முடிந்து வெளியேறும்போது இயந்திரத்தில் செருகி நேரம் பதிக்கும் அட்டை. அன்றைய வரியில் 10:41 என்று இருந்தது. பத்தேகாலுக்கு அனிபாலே வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு ஏறிய அத்தையை யாரும் நம்பவில்லை. இந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள் என்று வக்கீல் சிரித்தபடியே சொன்னார். இருபத்தைந்து ஆண்டு முதல் ஆயுள் வரை என்று தீர்ப்பாயிற்று.

ஆக, ரமிரோ கேட்ட ஐந்து நொடி என்னவென்று அனிபாலுக்கு நன்றாகவே விளங்கியது. ஒரே ஒரு முறை, நேரத்தைப் பற்றி அண்ணனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் முகத்தைப் பார்க்கலாம்.

அப்போது அனிபாலுக்கு நாற்பத்து நான்கு வயது, தொண்ணூற்றெட்டு கிலோ. அதே பணிமனையில் பிரேக் பழுது பார்க்கும் வேலை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவன் எதிலும் தொங்கியதில்லை. ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவுக்குப் போனான். கம்பிகளில் நாடா சுற்றியிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். பால் புட்டிகள் வைக்கும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தவன் பெயர் பாப்போ. மரச்சாமான் சுமந்து முதுகு போனவன். தன்னால் இனிமேல் லீவர் நிற்க முடியாது என்பதால் மற்றவர்களுக்கு எண்ணும் வேலையை அவன் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கம்பிகளில் யாரும் தனக்குத் தானே எண்ணக் கூடாது. கடிகாரமும் கூடாது. பாப்போ எண்ணுவான், மற்றவர்கள் கூடச் சேர்ந்து கத்துவார்கள். அவன் நிறுத்தினால் முடிந்தது.

அனிபால் குதித்துக் கம்பியைப் பிடித்தான்.

"மச்சான், நீ தொங்குறியா, இல்ல யாராவது உன்னைத் துவைச்சுக் காயப்போட்டிருக்காங்களா?" என்றான் பாப்போ. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். பதினேழில் அனிபாலின் விரல்கள் தாமாக அவிழ்ந்தன. மணலில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்தான். நான்கு இடத்தில் தோல் எழும்பியிருந்தது.

"எதுக்கு வந்திருக்கே?" என்றான் பாப்போ.

"லீவர். அஞ்சு நொடி."

"வயசு?"

"நாப்பத்து நாலு."

பாப்போ அவனை மேலும் கீழும் பார்த்தான். "சரி. ஒரு நாள் தொங்கினா ஒரு நாள் வீட்டுல இரு. இங்க அதுதான் சட்டம். மீறினா எண்ணமாட்டேன். சோத்தைக் குறை."

அன்றிலிருந்து அனிபால் செவ்வாய், வியாழன், ஞாயிறு போனான். அவன் மனைவி மிர்த்தா அவனுக்குச் சோற்றைப் பாதியாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை பச்சைத் துவரைச் சோறு சமைக்கும்போது அவன் தட்டை மட்டும் தனியாக வைத்துக் கரண்டியால் அளந்தாள். வறுத்த வாழைக்காயை அவன் பக்கம் தள்ளவே மாட்டாள்.

முழங்காலை நெஞ்சோடு மடக்கி நிற்பதற்குள் ஆறு மாதம் போனது. அக்டோபரில் நான்கு என்று எழுதினான். ரமிரோவின் பதில்: "நாலா? முட்டை மாதிரி சுருண்டுதானே? கோழி கூட அதைவிட அதிகம் நிக்கும். 12. — ர." ஒவ்வொரு பதிலும் இப்படித்தான். ஒரு கேலி, ஒரு 12, ஒரு எழுத்து. மிர்த்தா அவற்றை அடுப்புக்கு மேலிருந்த இழுப்பறையில் தேதிப்படி அடுக்கி வைத்தாள்.

2014 குளிர்காலத்தில் கம்பி உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சில்லிட்டிருந்தது. அனிபால் மெக்கானிக் கையுறையை மாட்டிக்கொண்டு போனான். ஒரு காலை நீட்டினால் இடுப்பு இறங்கியது. இடுப்பைத் தூக்கினால் முழங்கை மடங்கியது.

"இடுப்பு தொங்குது, இடுப்பு!" என்று பாப்போ பெட்டியிலிருந்து கத்துவான். "பாத்தா தொட்டில் மாதிரி இருக்கு. குழந்தையைப் போட்டு ஆட்டலாம்."

"நீ வந்து படுத்துக்கோ."

"என் பொண்டாட்டி விடமாட்டா."

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஐந்து மாதம், எண் ஏறவே இல்லை. ஆறு, ஐந்து, ஆறு, நான்கு, ஆறு. ஒவ்வொரு மாதமும் அதையும் எழுதி அனுப்பினான். கூட்டி எழுதலாம் என்று கையில் பேனாவோடு ஒருமுறை தோன்றியிருக்கிறது. அந்த 10:41 நினைவுக்கு வந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, நான்கு என்றே எழுதினான்.

2015 செப்டம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று பத்து. எடை எழுபத்தாறு கிலோ. அன்று மிர்த்தாவும் வந்திருந்தாள். அவன் கம்பியைப் பிடித்தான், கால்களைச் சேர்த்தான், உடம்பு எழுந்தது, நின்றது. பாப்போ பெட்டியிலிருந்து எழுந்து நின்றே எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லோரும் சேர்ந்து ஐந்து என்று கத்தியபோது மேலே ஒரு ரயில் போனது; ஆனாலும் அந்த ஐந்து அனிபாலின் காதில் விழுந்தது. மணலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. குப்புறப் படுத்தபடி அழுதான்.

"டேய், யாராச்சும் இந்த ஆளுக்குத் தண்ணி குடுங்கடா, மணலெல்லாம் ஈரமாகுது," என்றான் பாப்போ.

முழு லீவர் முதன்முறை நின்றவர்களின் பெயரைக் கம்பித் தூணில் சுற்றிய நாடாவில் கறுப்பு மையால் எழுதுவார்கள். ஏற்கெனவே நாற்பத்தொரு பெயர். நாற்பத்திரண்டாவதாக பாப்போ எழுதினான்: அ. கோத்தோ, 5.

வீட்டுக்கு வந்து அனிபால் முதல் வேலையாகக் கடிதம் எழுதினான். "அண்ணா, அஞ்சு. வர்றேன்." உறையில் போட்டு ஒட்டினான். மிர்த்தா கோழியை அடுப்பில் வைத்துவிட்டு வந்து, "இந்தா, நான் போன்ல எடுத்தேன்," என்று கைப்பேசியை மேசையில் நிறுத்தி வைத்தாள். இருவரும் பார்த்தார்கள். திரையின் அடியில் எண்கள் ஓடின. அவனுடைய உடம்பு மட்டமானது ஏழாவது நொடியில். இடுப்பு இறங்கியது பத்தாவது நொடியில்.

"இன்னொரு தடவை போடு," என்றான்.

ஏழு. பத்து.

ஆறு முறை பார்த்தான். ஒவ்வொரு முறையும் பாப்போவின் வாயிலிருந்து ஐந்து வந்தது. ஒவ்வொரு முறையும் மூன்று நொடிதான் ஆனது. அடுப்பில் கோழி தீய்ந்த வாசம் வந்தது. மிர்த்தா எழுந்திருக்கவில்லை.

"மூணு," என்றான்.

"மூணோ அஞ்சோ. உடம்பு நின்னுச்சு இல்ல? ரெண்டு நொடி அனி. தும்முற நேரம்."

"அவன் கேட்டது அஞ்சு."

"அவன் கேட்டது உன்னை."

அனிபால் உறையைக் கிழித்தான். புதுத் தாளில் எழுதினான்: "அண்ணா, பூங்காவில அஞ்சு எண்ணினாங்க. மிர்த்தா போன்ல பாத்தா மூணுதான். இதுக்கு முன்னாடி நான் எழுதினது எல்லாமும் அப்படித்தான் இருக்கும். எது எவ்வளவுன்னு இப்ப சொல்ல வழியில்லை. இது மூணு. இன்னும் ரெண்டு பாக்கி." திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குத் தபால் பெட்டியில் போட்டான்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்குப் போய், தூணில் தன் பெயருக்கு எதிரே இருந்த 5-ஐ அடித்து 3 என்று எழுதினான். பாப்போ பெட்டியை விட்டு எழுந்து வந்தான்.

"யோவ், என்ன பண்றே?"

"அது மூணுதான் பாப்போ. போன்ல பாத்தேன்."

"போன்ல பாத்தியா? இங்க போன் வச்சா எண்ணுறோம்?"

"நீ வேகமா எண்ணறே."

"ஆமாய்யா, வேகமாத்தான் எண்ணறேன். புதுசா வர்றவனுக்கெல்லாம் அப்படித்தான். எனக்கும் அப்படித்தான் எண்ணினாங்க. கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு எண்ணினா ரெண்டாவது வாரம் இந்தக் கம்பிக்கு ஒருத்தன் வருவானா? நீ வந்திருப்பியா? முதல் நாள் நீ தொங்கினது பத்து. பதினேழுன்னு சொன்னேன். சிரிச்சியே."

"நான் அதை எழுதிட்டேன்," என்றான் அனிபால். "அண்ணனுக்கு எழுதிட்டேன்."

பாப்போவுக்கு அது புரியவில்லை. அண்ணனைப் பற்றி அனிபால் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. பின்னால் நின்ற ஒருவன் தூணைப் பார்த்து, "அப்ப என்னோட ஆறு?" என்றான். இன்னொருவன், "என்னோட எட்டு?" என்றான். பாப்போ அடித்திருந்த எண்ணை விரலால் தடவினான். "தூணைக் கெடுத்துட்டே," என்று மட்டும் சொன்னான். "நாப்பத்தொரு பேருடையதையும் கெடுத்துட்டே. போ. உன் கடிகாரத்தை வச்சு நீயே எண்ணிக்கோ."

அதற்குப் பிறகு அவன் கம்பியைப் பிடித்தால் யாரும் எண்ணவில்லை. மூன்று நாள் போய்ப் பார்த்தான். பிறகு போவதை நிறுத்திவிட்டான்.

ரமிரோவின் பதில் அக்டோபர் 7, புதன்கிழமை வந்தது.

"மூணுன்னா மூணு. நேரத்தைப் பத்தி நீ உண்மை சொன்னது இதுதான் முதல் தடவை. என்னைப் பாக்க வரலாம்னு இருக்கற பட்டியல்ல உன் பேரு இருக்கு, ஆகஸ்ட் 10-லேர்ந்து. எங்க பகுதிக்குச் சனிக்கிழமைதான் ஆள் பாக்குற நாள். 12. — ர."

அதில் கேலி இல்லை. மிர்த்தா படித்துவிட்டு உடனே அலமாரியைத் திறந்தாள். "எந்தச் சட்டை? இந்தச் சனிக்கிழமையே போயிடு. சிறைக்கு ஆள் ஏத்திப்போற வேன் விடியக்காலையில கிளம்புதாம்."

"வான்னு அவன் எழுதலையே."

"வேற எப்படி எழுதுவான்? கிழமையையே எழுதியிருக்கான். வான்னு எழுதாததுதான் பாக்கி."

"மிர்த்தா, அவன் என்ன எழுதியிருக்கான் பாரு. உண்மை சொன்னது முதல் தடவைன்னு. இப்ப நான் மூணோட போய் நின்னா? அஞ்சுக்குச் சொன்ன வாக்கு என்ன ஆகும்? ரெண்டு நொடிதானே. கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிடுவேன்."

அவன் அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருபத்தோரு வருடமாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது என்று மிர்த்தா பிறகு சொன்னாள். அதைப் பார்த்துத்தான் சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டாள். அதற்காக அவள் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

பணிமனையின் பின்கொட்டகையில், கூரைக்குக் கீழே ஒரு நீர்க்குழாய் ஓடியது. உள்ளங்கைக்குச் சற்றே பருமன். அனிபால் அதில் தொங்கினான். சமையலறையில் முட்டை வேகும் நேரம் பார்க்க வைத்திருந்த நொடிமுள் மணியைக் கொண்டுபோய் எதிரே அலமாரியில் வைத்தான். ஒரு நாள் தொங்கினால் ஒரு நாள் வீடு என்ற சட்டத்தைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தினமும் தொங்கினான். மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேலை முடிந்ததும். டிசம்பரில் மூன்றுதான். ஜனவரியில் முழங்கையின் உள்பக்கம் வலிக்கத் தொடங்கியது. காபிக் கோப்பையைத் தூக்கும்போது ஒரு கம்பி இழுப்பது போல. பாப்போ இருந்திருந்தால் ஒரு மாதத்துக்குக் கம்பியைத் தொடவிட்டிருக்க மாட்டான். அனிபால் வலிமாத்திரை போட்டுக்கொண்டான், துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். ரமிரோவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஆனால் நவம்பருக்குப் பிறகு அவை குறுகிப்போயின. டிசம்பரில் "சரி. 12." என்று மட்டும். ஜனவரியில் "12." பிப்ரவரியிலும் அதே. அண்ணன் பொறுமையிழக்கிறான் என்று நினைத்து அனிபால் இன்னும் அதிகமாகத் தொங்கினான்.

மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு. யாருமில்லாத கொட்டகையில் முட்டை மணி நான்கு காட்டியது. நிஜமான நான்கு. அன்று மதியம் அவன் வீட்டில் வயிறார இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

ஏப்ரல் 24, ஞாயிறு, காலை ஒன்பது நாற்பது. உடம்பு மட்டமானது. மூன்றாவது நொடி தாண்டும்போது வலது முழங்கையின் உள்பக்கம் ஈரக் கயிறு அறுவது போல ஒரு சத்தம். சத்தம் வெளியே கேட்டதா, உள்ளேயா என்று அவனால் பிறகு சொல்ல முடியவில்லை. குழாயின் அடியில், எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில் முதுகு அடிபட விழுந்தான். மணி ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு வரை அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

தசைநார் முக்கால்வாசி அறுந்துவிட்டது, இனி தொங்குகிற வேலையே வேண்டாம் என்றார் மருத்துவர். அந்த மாதக் கடிதத்தை இடது கையால் எழுதினான்: "அண்ணா, சைபர். இனிமே ஏறாதுன்னு சொல்றாங்க."

பதில் வரவில்லை.

மே போனது, ஜூன் போனது. ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பான். வெறும் கண்ணால் பார்த்தால் போதாது என்பது போல. பூச்சியத்துக்கு அண்ணன் பதில் போட மாட்டான்தான், என்ன எழுதுவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து எழுந்துவிடுவான். பணிமனையில் இரண்டு முறை ஒரே பேருந்தின் பிரேக்கைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டு, அவனாகவே போய் மேலாளரிடம் சொன்னான். தூங்குகிறானா என்று மிர்த்தா எழுந்து பார்த்தால் கண் திறந்திருக்கும்.

ஒருமுறை பாப்போ வீடு தேடி வந்தான். கதவருகே நின்றபடியே பேசினான்.

"உன் பொண்டாட்டி எல்லாம் சொன்னா. அண்ணனுக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?"

பாப்போ யோசித்தான். "இன்னும் வேகமா எண்ணியிருப்பேன்," என்றான். "அஞ்சுன்னு சொல்லி போன வருஷம் ஜூன்லயே உன்னை அனுப்பியிருப்பேன்."

அனிபால் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாப்போ தலையைச் சொறிந்துகொண்டு படியிறங்கிப் போனான்.

அக்டோபரில் மிர்த்தாவால் பொறுக்க முடியவில்லை. "சைபரோடயே போ," என்றாள். "போய் வாசல்ல நில்லு. வரலைன்னா திரும்பி வா. அஞ்சாவது தடவைன்னு வச்சுக்கோ." அவளே வேனில் இடம் சொல்லி வைத்தாள். அவளே சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

2016 அக்டோபர் 22, சனிக்கிழமை, காலை ஒன்பது ஐந்துக்கு அனிபால் சிறையின் வரவேற்பு மேசை முன் நின்றான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி கணினியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"பட்டியல்ல உங்க பேரு இல்லையே சார்."

"இருக்கணும். ஆகஸ்ட் பத்து, போன வருஷம்."

"ஆமா, இருந்திருக்கு. செப்டம்பர் முப்பது எடுத்திருக்கு."

"எந்தச் செப்டம்பர்?"

"போன மாசம் சார்."

"யாரு எடுத்தது?"

"கைதிதான் எழுதிக் குடுக்கணும். வேற யாரும் எடுக்க முடியாது." அவள் கொஞ்சம் குரலை இறக்கினாள். "மூணு வாரம்தான் ஆச்சு. உக்காருங்க, தண்ணி வேணுமா?"

வேன் திரும்பும் நேரம் வரை அனிபால் வெளியே கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நானூற்றுப் பதினேழு நாள் அவன் பெயர் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறது. அதில் சனிக்கிழமைகள் எத்தனை என்று மனத்துக்குள் எண்ணினான். ஐம்பத்தொன்பது. தப்பாக இருக்குமோ என்று முதலிலிருந்து எண்ணினான். ஐம்பத்தொன்பதுதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உறையில் இருந்த எழுத்து அவனுக்குத் தெரியாத எழுத்து. பெரிது பெரிதாக, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து, கோட்டை விட்டு இறங்கியிருந்தது. மிர்த்தா படித்தாள், அவன் கேட்டான்.

"அனி. 22-ஆம் தேதி நீ வந்ததைச் சொன்னாங்க. மே 3 காலையில எனக்கு வலது பக்கம் விழுந்துடுச்சு. கை, கால் ரெண்டும். வாயும் கோணிடுச்சு. இது இடது கை எழுத்து. நானும் இப்ப சைபர். உன் பேரை எடுக்கச் சொன்னது நான்தான். இந்த முகத்தை நீ பாக்க வேணாம்.

போன வருஷம் நீ மூணுன்னு எழுதினப்ப, சட்டையை மெத்தைக்கு அடியில வச்சு மடிப்பு எடுத்தேன். அக்டோபர் 10-லேர்ந்து அஞ்சு சனிக்கிழமை அதைப் போட்டுக்கிட்டு கட்டில்ல உக்காந்திருந்தேன். என் பேரைக் கூப்பிடலை. ஆறாவது சனிக்கிழமை போட்டுக்கலை.

என்னோட பன்னிரண்டையும் இங்க ஒருத்தன் வாயாலதான் எண்ணினான். அது எத்தனைன்னு எனக்கே தெரியாது.

இனிமே எழுதாதே. நானும் எழுதமாட்டேன்."

கீழே எண் இல்லை. ர என்ற எழுத்தும் இல்லை. மிர்த்தா அதை இழுப்பறையில் மற்றவற்றின் மேல் வைத்தாள். அனிபால் எழுந்து, முட்டை மணியைத் திருகி மேசைமேல் வைத்தான். அது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஓடியதைப் பார்த்தான். பிறகு அதை நிறுத்தினான். பிறகு உறையின் மூலையில், எப்போதும் செய்வது போலவே, கடிதம் வந்து சேர்ந்த நாளை எழுதினான்: 2016 நவம்பர் 12, சனிக்கிழமை.